கரைவாகுப்பற்று வரலாறு – 23: இரண்டு கிராமும் நாற்பது நாளும்

1984-இல் இலங்கைப் பாராளுமன்றம் போதைப்பொருள் தொடர்பாக இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. 11-ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை பிறந்தது. 13-ஆம் இலக்கச் சட்டம் 1929-ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்தியது. இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்ததாக நிரூபணமானால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று அது எழுதி வைத்தது. இரண்டு கிராம் என்பது தேத்தண்ணிக்குப் போடும் சீனியில் அரைக் கரண்டி. அன்று இத்தகைய வழக்குகளில் பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் விதிவிலக்கான காரணம் இருந்தால்.

அந்தச் சட்டம் வந்த காலத்தில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் ஹெரோயின் என்பது பெரும்பாலும் கொழும்புச் செய்தி. பத்திரிகையில் படிப்பார்கள், மடித்து வைப்பார்கள். நாற்பது வருடம் கழித்து, கல்முனை நீதவான் நீதிமன்ற வளவில் மகனின் தவணைக்காகக் காத்து நிற்கும் உம்மாமாரைப் பார்க்கிறோம். இடையில் நடந்தது என்ன என்பதே இந்தப் பகுதி.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் போதைப்பொருளைப் பிடிக்கும் சட்டம் எப்போதும் முன்னால் ஓடியிருக்கிறது. அதற்கு அடிமையானவனைக் குணப்படுத்தும் ஏற்பாடு எப்போதும் பின்னால்தான் வந்தது. பல இடங்களில் வரவேயில்லை. ஒரே ஒரு காலம் விதிவிலக்காக இருந்தது. அதைத் தேட நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்திலேயே அபின் இத்தீவுக்குள் வியாபாரச் சரக்காக வந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் அபின் கடை நடத்தும் உரிமையை அரசாங்கமே அனுமதிப்பத்திரம் கொடுத்து விற்றது. கடைக்காரன் காசு கட்டினான், திறைசேரி வரவு எழுதியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுவொழிப்பு இயக்கத்தார் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். இந்திய அபினை விசாரிக்க லண்டன் 1893-இல் அமைத்த அரச ஆணைக்குழு, 1895-இல் பெரிய கேடு ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டது. அபின் வருமானம் இந்திய அரசின் பெரிய தூண் என்பதை நினைத்தால் அந்த முடிவு வியப்பளிக்காது. இலங்கையில் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1907-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டு அதன் அறிக்கை வெளிவந்தது. 1910-இல் அபின் கட்டளைச் சட்டம் வந்தது. கடைகள் மூடப்பட்டன. இறக்குமதியும் விநியோகமும் அரச வைத்திய இலாகாவின் கைக்குப் போயின. மருந்துக்கு அபின் பாவிக்கும் சுதேச வைத்தியர்களின் பெயர்கள் பதியப்பட்டன. ஏற்கனவே அபினுக்குப் பழகிப்போனவர்களும் பெயர் பதிந்து, குறித்த அளவைப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் ஏன் இவ்வளவு தூரம் விரித்துச் சொல்கிறேன் என்றால், அபின் தின்கிற ஆளை அன்றைய அரசு கூண்டில் ஏற்றவில்லை. அவன் யார், எந்த ஊர், எவ்வளவு தேவை என்று எழுதிக்கொண்டது. பதிவேட்டில் இருந்தவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைய, அபினுக்கான தேவையும் சுருங்கியது. இதை அன்பினால் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1909-இல் ஷாங்காய், 1912-இல் ஹேக் என்று சர்வதேச நெருக்குதல் இருந்தது. குடியேற்ற அரசுக்கு நல்ல பெயரும் வேண்டியிருந்தது. ஆனாலும் கடையை மூடுவதும் அடிமையானவனைத் தண்டிப்பதும் இரண்டு வேலை என்பதை அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த நாம் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

கஞ்சாவின் பாதை வேறு. அது கடல் கடந்து வந்து இறங்கிய சரக்கு அல்ல. நமக்கு மேற்கே காட்டில் விளைந்தது. மொனராகலை மாவட்டத்துச் சேனைகளில் சோளத்துக்கும் குரக்கனுக்கும் நடுவே நின்ற செடி, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கும் அங்கிருந்து அக்கரைப்பற்று, கல்முனைக்கும் வரும் ஏ-4 வீதியில் பயணம் செய்தது. நம் வைத்தியர்களுக்கும் அது அந்நியமில்லை. நெய்யில் வறுத்த கஞ்சா இலையோடு சுக்கு, மிளகு, திப்பிலி, சர்க்கரை சேர்த்து உருட்டும் மதனமோதகம் பசியின்மைக்கும் ஆண்மைக்குறைவுக்கும் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. 1925-இன் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நான்கு வருடத்தில் இலங்கையின் 1929-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1961-இல் ஐ.நா.வின் தனி உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டில்தான் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டில்தான் ஆயுர்வேதச் சட்டமும் வந்து, பதிவு பெற்ற வைத்தியர்கள் மருந்துக்காகக் கஞ்சாவும் அபினும் பெற வழி வைத்தது. இன்று பாடசாலைச் சந்திகளில் சின்னப் பைக்கற்றில் பிடிபடும் மதனமோதகம் அந்த மருந்தின் பெயரைத் திருடிக்கொண்ட சரக்கு. வைத்தியரின் அளவும் இல்லை, பத்தியமும் இல்லை.

மார்க்கம் இதை எப்படிப் பார்த்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மது என்னும் கமர் ஹராம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “கஞ்சா கமரா, இலைதானே?” என்ற கேள்வியை நம் ஊர்ச் சந்திகளில் நானே கேட்டிருக்கிறேன். அது புதுக் கேள்வி அல்ல. 14-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த பத்ருத்தீன் அஸ்ஸர்கஷி, நம் கரையார் பின்பற்றும் அதே ஷாஃபி மத்ஹபின் அறிஞர், ஹஷீஷ் என்னும் கஞ்சாவைப் பற்றித் தனி நூலே எழுதி அதைத் தடுக்கப்பட்டது என்று நிறுவினார். எனவே சட்டநூலில் குழப்பமில்லை. குழப்பம் நம் நடைமுறையில்தான். சாராயம் குடித்தவனை ஒதுக்கிய ஊர், கஞ்சா குடித்தவனைக் கண்டும் காணாமல் விட்டது. வாடியில் இரவு வலைக்குக் காத்திருப்பவன், வட்டையில் காவல் இருப்பவன் என்று அவனுக்கு ஒரு சலுகை இருந்தது. புகை மணத்தது, அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த தீமைக்கு ஊர் ஒரு எல்லை போட்டு வைத்திருந்தது. அந்த எல்லையும் முழுப் பாதுகாப்பு அல்ல. சிறுவயதிலேயே தொடங்கி நாள்தோறும் பாவித்தவர்களில் சிலர் புத்தி பேதலித்து வைத்தியசாலைக்குப் போனதையும் ஊர் பார்த்தது. அதற்கு ஜின் பிடித்தது என்று பெயர் வைத்தது.

ஹெரோயின் வந்தபோது அந்த எல்லை பயன்படவில்லை. லண்டனில் 1874-இல் ஆல்டர் ரைட் என்ற இரசாயனவியலாளர் மோர்ஃபினிலிருந்து உண்டாக்கிய பொருள் அது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1898-இல் அதை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1979-இல் ஈரானில் புரட்சி நடந்ததும், அந்த வருடக் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் பழைய கடத்தல் பாதைகளைக் குலைத்தன. சரக்கு தெற்கே பாகிஸ்தானுக்கும் கடலுக்கும் திரும்பியது. 1980-களின் தொடக்கத்தில் மேற்குக் கரை உல்லாசக் கடற்கரைகளிலும் கொழும்பின் நெருக்கடியான தோட்டங்களிலும் அது பரவியது. நம் பக்கத்துப் பெடியன்களில் சிலர் புறக்கோட்டைக்குக் கடை வேலைக்குப் போய், ‘தூள்’ பழகித் திரும்பினார்கள்.

ஆனால் 1985 ஏப்ரலின் கலவரம், 1990-இன் படுகொலைகள், வீதிக்கு வீதி சோதனைச் சாவடி, கடலுக்குப் போகத் தடை என்று காலம் இறுகிக் கிடந்தது. தூளுக்கும் பாதை குறைவாகவே இருந்தது. யுத்தம்தான் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று பெரியவர்கள் சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சம் எல்லாவற்றையும்தான் நிறுத்தி வைத்தது. தொழிலை நிறுத்தியது, படிப்பை நிறுத்தியது, மையத்தைக்கூட அவசர அவசரமாக அடக்க வைத்தது. உள்ளே சேர்த்து வைத்த காயங்கள் அப்படியே இருந்தன. அதன்மேல் 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கடற்கரை வட்டாரங்கள் ஒரே காலையில் அழிந்தன. அன்று ஐந்து, ஆறு வயதில் இருந்த பிள்ளைக்கு 2020-இல் இருபத்தோரு, இருபத்திரண்டு வயது. குழந்தைப் பருவத்தின் கொடிய அனுபவங்கள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதை 1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த பேராய்வு தொடங்கிப் பலவும் காட்டியிருக்கின்றன. வீடு கட்டிக் கொடுத்தோம், படகு வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் எதைக் கண்டு திடுக்கிட்டு எழும்பினார்கள் என்று கேட்க ஆள் வைக்கவில்லை.

2007-இல் கிழக்கிலும் 2009-இல் முழு நாட்டிலும் யுத்தம் ஓய்ந்தது. வீதி திறந்தது, கடலும் திறந்தது. சென்ற பகுதியில் எழுதிய ஆழ்கடல் படகுகள் நாட்கணக்கில் வெளிக்கடலில் தங்கத் தொடங்கின. ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையிலிருந்து பாய்மரக் கப்பலிலும் மீன்பிடிப் படகிலும் புறப்படும் ஹெரோயின், அரபிக் கடல் கடந்து இலங்கைப் படகுகளுக்கு நடுக்கடலில் கைமாறும் வழி அந்தப் பத்தாண்டில் பலப்பட்டது. அந்தப் பெருஞ்சரக்கு இறங்கியது பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும். நம் கரைக்கு வந்தது அதன் சில்லறை.

அடுத்தது ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின். இதைப் பற்றித்தான் இன்று ஊர் பேசுகிறது; ஆனால் இதன் வயது ஊருக்குத் தெரியாது. ஜப்பானில் நாகாய் நாகயோஷி 1893-இல் எபெட்ரினிலிருந்து மெத்தம்ஃபெட்டமினை உண்டாக்கினார். 1919-இல் ஒகாதா அகிரா அதைப் பளிங்காக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய் பெர்விட்டின் என்ற பெயரில் விழுங்கினான். ஜப்பானில் பிலோபொன் என்ற பெயரில் படைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய கையிருப்பு சந்தைக்குள் இறங்கி, தோற்றுப்போன, பசித்த நாட்டின் இளைஞர்களைப் பிடித்தது. 1951-இல் ஜப்பான் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. உழைப்பவன் தூங்காமல் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் அது முதலில் நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கரையிலும் அப்படியே. மூன்று நாள் கடலில் கண் மூடாமல் நிற்க, அறுவடை இயந்திரத்தை விடிய விடிய ஓட்ட, இரவு ஓட்டோ ஓட என்று ஆரம்பித்தவர்கள் உண்டு.

சரக்கு எங்கிருந்து வந்தது? ஆப்கானிஸ்தானின் மலைகளில் காடாக வளரும் எபெட்ரா செடியிலிருந்து மலிவாக மெத்தம்ஃபெட்டமின் எடுக்கும் தொழில் 2017, 2018 அளவில் பெருகியது. 2022 ஏப்ரலில் தலிபான் ஆட்சி கசகசாச் செய்கையைத் தடைசெய்தது. மறு ஆண்டு அபின் செய்கை 95 வீதம் விழுந்தது என்று ஐ.நா. அலுவலகம் கணக்கிட்டது. மியன்மாரின் ஆய்வுகூடங்களும் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் இந்தியக் கடற்படை, இலங்கைக் கடற்படை கொடுத்த தகவலை வைத்து, அரபிக் கடலில் இரண்டு இலங்கைப் படகுகளிலிருந்து சுமார் 500 கிலோ ஐஸைக் கைப்பற்றியது. உலகத்தில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2021-இல் இரசாயனப் பசளைத் தடை நம் வட்டைகளைக் காய வைத்தது. 2022-இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. வேலையில்லாத கையும் மலிந்த சரக்கும் சந்தித்த இடத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஐஸ் வீட்டுக்குள் நுழைவதை உம்மா கண்டுபிடிப்பது கடினம். சாராயத்தைப் போலவோ கஞ்சாவைப் போலவோ மணம் காட்டிக் கொடுப்பதில்லை. முதல் வாரங்களில் மகன் சுறுசுறுப்பாக இருக்கிறான். விடிய எழும்பி நிற்கிறான். சுபஹுக்குப் போகிறான் என்று உம்மாவுக்குச் சந்தோஷம். அவன் எழும்பவில்லை, படுக்கவேயில்லை. பின்னால் விறாந்தையில் நடுச்சாமத்தில் மோட்டார் சைக்கிளைக் கழற்றி, ஒவ்வொரு ஆணியாகத் துடைத்து, பூட்டி, திரும்பவும் கழற்றிக்கொண்டிருக்கிறான். ஒரே செய்கையை மணிக்கணக்கில் திரும்பச் செய்வது இந்த மருந்தின் அடையாளம். சோறு உள்ளே போவதில்லை, பல் கொட்டத் தொடங்குகிறது, கன்னம் ஒட்டுகிறது. அதற்குப் பிறகு சந்தேகம் வருகிறது: யாரோ பின்தொடர்கிறார்கள், பெண்சாதி யாரோடோ பேசுகிறாள், கூரையில் ஆள் இருக்கிறது. மூளையில் இன்பத்தையும் ஊக்கத்தையும் ஆளும் டோபமைன் மடை உடைந்தது போல் பாய்ந்து, பிறகு வற்றிப் போவதால் வரும் நிலை இது. கத்தி எடுக்கும் இரவு வருவது அப்போதுதான்.

கிழக்கில் கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டில்தான் வாழ வருகிறான். வாப்பா கடலில் உழைத்தோ கத்தாரில் உழைத்தோ மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு அது. மருமகன் அடிமையானால், காணாமல் போவது அந்த வீட்டின் பொருள்தான்: முதலில் போன், பிறகு காஸ் சிலிண்டர், பிறகு பிள்ளையின் காதுத் தோடு. 1951-இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் பஸஹ் என்னும் மணமுறிவு கேட்டு வரும் பெண்களின் முறைப்பாட்டில் ‘தாபரிப்பு இல்லை’, ‘அடி’ என்று எழுதப்படும். அதற்குப் பின்னால் ஐஸோ தூளோ இருந்தாலும் அது தனிக் கட்டத்தில் எழுதப்படுவதில்லை. விலகிய மருமகன் உம்மாவின் வீட்டுக்குத் திரும்புவான். அங்கே கலியாணத்துக்கு நிற்கும் தங்கச்சி இருப்பாள். “ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சிட கலியாணம் குழம்பிப் போகும்” என்று உம்மா கதவைச் சாத்துவார். இந்த ஒரு வசனம்தான் எத்தனையோ பேரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசு செய்தது என்ன? 2022 நவம்பரில் 41-ஆம் இலக்கச் சட்டம் ஐஸையும் பட்டியலில் சேர்த்து, ஐந்து கிராமுக்கு மேல் மரண தண்டனை அல்லது ஆயுள் என்றது. நாட்டில் 1976-க்குப் பிறகு தூக்கு நிறைவேறவேயில்லை. 2019-இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைக் குற்றவாளிகள் நால்வரின் ஆணையில் கையெழுத்திட்டபோது உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2023 டிசம்பர் 17-இல் பொலிஸாரின் ‘யுக்திய’ போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். பிடிபட்டவர்களில் பெரும் வியாபாரிகள் எத்தனை, பாவனைக்கு ஒரு பொட்டலம் வைத்திருந்தவர் எத்தனை என்று எந்த உம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். கொள்ளளவுக்கு இருமடங்கு நிரம்பிய சிறைக்குள் ஐஸ் பாவித்த பெடியன், தூள் வியாபாரியின் பக்கத்தில் பாய் போடுகிறான்.

சிகிச்சைக்கு வருவோம். 2007-இன் 54-ஆம் இலக்கச் சட்டம் தானாக வருபவருக்கும் நீதிமன்றம் அனுப்புபவருக்கும் புனர்வாழ்வு வழி வைத்தது. ஆனால் கட்டுப்பாட்டுச் சபை நடத்தும் வதிவிட நிலையங்கள் நீண்ட காலமாகத் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்ற நாலு இடங்களில்தான். கல்முனையிலிருந்து தலங்கமவுக்கு ஒரு முழு இரவு பஸ். போய்ச் சேர்ந்தாலும் மனம்விட்டுப் பேசத் தமிழில் ஆலோசகர் வேண்டும். பேச்சே மருந்தாக இருக்கும் நோயில் மொழி தெரியாத ஆலோசகரால் என்ன செய்ய முடியும்? நமக்குக் கிட்டிய பெரிய நிலையம் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு. 2022 ஜூன் கடைசியில் அங்கே தடுப்பில் இருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலகம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். படையினர் சிலர் கைதானார்கள். அதற்குப் பிறகு எந்த உம்மா தன் மகனை அங்கே நம்பி அனுப்புவார்?

ஆகவே ஊர் தன் வழியில் தேடியது. ஜும்ஆ பிரசங்கங்கள் நடந்தன, ஊர்வலங்கள் போயின. விற்பவனுக்குப் பள்ளியில் நிக்காஹ் இல்லை என்று சில இடங்களில் நம்பிக்கையாளர் சபைகள் முடிவெடுத்தன. விற்பவனுக்கு அது சரி. பாவிப்பவனையும் அதே பட்டியலில் சேர்த்தால் அவன் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வான். வேறு ஒரு வழியும் உண்டு. மகனை நாற்பது நாள் தப்லீக் ஜமாஅத்தில் அனுப்புவது. இதை ஏளனமாகப் பேசும் படித்தவர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய கூட்டாளிகளிடமிருந்தும் பழைய சந்தியிலிருந்தும் விலக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தொழுகையின் ஒழுங்கு, தன்னை ‘தூள்காரன்’ என்று கூப்பிடாத மனிதர்களின் கூட்டு. உலகின் நல்ல புனர்வாழ்வு நிலையங்கள் தேடுவதும் இவற்றைத்தான்.

குறை நாட்கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் நோரா வோல்கோவ் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தம்ஃபெட்டமினை விட்டவர்களின் மூளையில் டோபமைன் கடத்திகள் தெளிவாக மீண்டது 12 முதல் 17 மாதம் விலகி இருந்த பிறகுதான். அப்போதும் ஞாபகமும் கைத்திறனும் முழுதாகத் திரும்பவில்லை. நாற்பது நாளில் தெளிந்த முகத்தோடு வருபவன் உள்ளே இன்னும் வற்றித்தான் கிடக்கிறான். எதிலும் ருசியில்லை, தூக்கம் கூடிக் குறைகிறது, ஆசை அலையலையாக வருகிறது. அவன் திரும்ப விழுந்தால் ‘ஈமான் இல்லை’ என்கிறார்கள். நோய் இன்னும் ஆறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தூள் பாவித்தவனுக்கு ஆபத்து இன்னும் பெரிது. விலகியிருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். பழைய அளவை ஒரே தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்தும் புனர்வாழ்விலிருந்தும் வெளிவந்த முதல் வாரங்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை.

கல்முனைப் பகுதி வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தமிழ் பேசும் வைத்தியர்களும் தாதியரும் அங்கே வேலை செய்கிறார்கள். ஐஸுக்கு என்று அங்கீகரித்த மாத்திரை உலகில் எங்கும் இல்லை. ஆனால் மனக்கோளாறை அடக்க மருந்து உண்டு, வாரா வாரம் பேசும் முறை உண்டு, சுத்தமாக இருந்த வாரத்துக்குச் சின்னப் பரிசு கொடுத்து ஊக்கும் முறைக்கு நல்ல பலனும் உண்டு. இவற்றுக்கு வதிவிட நிலையம் தேவையில்லை. ஒரு அறையும், பொறுமையுள்ள இரண்டு பேரும், ஒன்றரை வருடமும் தேவை. ஜமாஅத்திலிருந்து திரும்பிய நாற்பத்தோராம் நாள் காலையில் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு காக்காவோ மாமாவோ இருக்க வேண்டும். பழைய சிம்மை மாற்றிக் கொடுக்க வேண்டும். கைக்குக் காசாகக் கொடுக்காமல் கூலியை உம்மாவிடம் கொடுக்கும் ஒரு படகு முதலாளியோ கடை முதலாளியோ வேண்டும். பள்ளி நம்பிக்கையாளர் சபைகள் இதற்கென்று ஆளுக்கு ஒருவரை நியமித்தால், ஸகாத் நிதியில் பஸ் காசும் நாள் கூலியும் ஒதுக்கினால், அரசு நிலையம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.

(தொடரும்)